நானூறு வயதுப் பூனை

முதலில் உங்கள் நெற்றியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், கான்ஸ்டபிள் டட்டன். வீக்கம் நாளைக்குள் வடிந்துவிடும், பயப்பட வேண்டாம். பெரிய வீட்டு நடைக்கதவின் நிலை அவ்வளவு தாழ்வு. அந்தக் காலத்து ஆட்கள் குள்ளம் என்று எல்லோரும் சொல்வார்கள், நான் அதை நம்புவதில்லை. குளிர் உள்ளே வரக்கூடாது, வருகிறவன் தலை குனிந்து வரவேண்டும், இரண்டுக்கும் சேர்த்துத்தான் அப்படி வைத்திருப்பார்கள். அந்த வீட்டில் பிறந்தவர்கள் அதில் இடித்துக்கொண்டதே இல்லை. நானும் இல்லை, என் தம்பி நைஜலும் இல்லை. அவன் மனைவி லொரேன் கல்யாணமாகி வந்த அன்றே இடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகும் விடாமல் இடித்துக்கொண்டுதான் இருந்தாள். வீட்டுக்கு மனிதர்களை அடையாளம் தெரியும் என்பது என் அபிப்பிராயம். அதை நீங்கள் எழுத வேண்டியதில்லை.

மிஸ்டர் பெல்ச்சரும் உட்காரட்டும். மாவட்டத்தின் பழைய கட்டடங்களையெல்லாம் காப்பாற்றுகிற அதிகாரி என் வீட்டில் நின்றுகொண்டிருந்தால் எனக்குத்தான் மரியாதைக் குறைவு. அந்த நாற்காலி வேண்டாம், இது. இந்த வீட்டில் எல்லா நாற்காலியும் நேராக நிற்கும், ஏனென்றால் தரை நேராக இருக்கிறது. எனக்கு அது இன்னும் பழகவில்லை.

எங்கள் அப்பா சாலோ பண்ணையையும் பெரிய வீட்டையும் நைஜலுக்கு எழுதிவைத்தார். ஆண்பிள்ளை, மாடு மேய்க்கிறவன். எனக்கு முற்றத்துக்கு எதிர்ப்பக்கத்தில் இந்தப் புது வீட்டைக் கட்டிக் கொடுத்தார். இரட்டைக் கண்ணாடி ஜன்னல், தரைக்கடியில் சூடு, ஒழுகாத கூரை. குறை சொல்ல ஒன்றுமே இல்லை. குறை சொல்ல ஒன்றுமில்லாத வீட்டில் தனியாக இருக்கிற ஒரு மனுஷி சாயங்காலம் முழுக்க என்ன செய்வாள்? எதிர்வீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

லொரேன் நல்லவள். அதைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள். இப்ஸ்விச்சில் முடி வெட்டும் கடை வைத்திருந்தவள். தலை நரைத்த பிறகு நைஜலுக்கு அவளைக் கட்டிக்கொள்ளும் யோகம் வாய்த்தது. வரும்போது பிஸ்கட் என்று ஒரு செம்மஞ்சள் பூனையையும், ஏகப்பட்ட உற்சாகத்தையும் கொண்டுவந்தாள். கெட்டவர்கள் வீட்டை அழுக்காக வைத்திருப்பார்களே தவிர இடிக்கமாட்டார்கள். சுவரை இடிக்க நல்லவர்களால்தான் முடியும்.

ஒருநாள் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். புகைபோக்கியை ஒட்டிய நடுச்சுவரைத் தட்டிக் காட்டினாள்.

"பெரில், இத எடுத்துட்டோம்னு வைங்க, இங்கேருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே வெளிச்சம். நடுவுல ஒரு மேடை போட்டு சுத்தி உக்காந்து சாப்பிடலாம்."

"இப்ப மேசையில உக்காந்து சாப்பிடறதுக்கு என்ன கேடு?"

"மூஞ்சி தெரியலையே! உங்க தம்பி உருளைக்கிழங்கத் தின்னுறாரா, மேசை விரிப்பத் தின்னுறாரான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

"ரெண்டும் ஒரே ருசிதான், உன் சமையல்ல" என்றான் நைஜல். சொல்லிவிட்டுச் சிரித்தான். அப்பா இருந்தவரைக்கும் அந்தச் சமையலறையில் யாரும் சிரித்து நான் கேட்டதில்லை. லொரேன் அவன் தோளில் ஓர் அடி வைத்தாள். அவன் மறுபடியும் சிரித்தான். எனக்கு அந்தச் சுவரைப் பற்றி மிகவும் கவலையாகிவிட்டது.

அது வெறும் சுவர் இல்லை. ஓக் மரச் சட்டங்கள், சட்டத்துக்கு நடுவே குச்சிப் பின்னல், பின்னலின் மேல் களிமண்ணும் சாணமும் வைக்கோலும் மிதித்துப் பிசைந்து அப்பியது. வீடு முழுக்க அப்படித்தான். ஆணி கிடையாது, மரமுளைதான். மேல்மாடியில் ஒரு பட்டாணியைக் கீழே வைத்தால் அது தானாக உருண்டு என் பழைய அறை வாசலில் வந்து நிற்கும். ஆனால் எங்கள் தாத்தா முன்பக்கம் முழுக்கச் செங்கல் வைத்து மூடிவிட்டார், நாகரிகம் என்று நினைத்து. தெருவிலிருந்து பார்த்தால் தபால் நிலையம் மாதிரி இருக்கும். அதனால் எந்த அதிகாரியும் எட்டிப் பார்க்கவில்லை, பாதுகாக்க வேண்டிய வீடுகளில் சாலோ பண்ணை சேரவில்லை, லொரேன் நினைத்த சுவரை நினைத்த நாளில் இடிக்கலாம் என்ற நிலைமை.

அப்போதுதான் மிஸ்டர் பெல்ச்சரை வரவழைத்தேன். முறைப்படிதான். அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"மரச் சட்டமெல்லாம் பழசுதாங்க. நல்லாத்தான் இருக்கு. ஆனா நம்ம சஃபக் வட்டாரத்துல இந்த மாதிரி வீடு தடுக்கி விழுந்தா ஒண்ணு. விசேஷமா ஏதாவது இருந்தாத்தான் நான் மேல சொல்ல முடியும்."

விசேஷம் என்றால் என்ன என்று கேட்டேன். அவர் சொன்னார். சூனியக்காரிகள் புகைபோக்கி வழியாக இறங்காமல் இருக்க உத்தரத்தில் வட்டத்துக்குள் ஆறிதழ்ப் பூ செதுக்குவார்களாம். மெழுகுவர்த்தியால் மரத்தில் சூடு போடுவார்களாம். கூரைக்குள் பழைய ஷூ ஒளித்துவைப்பார்களாம். எல்லாவற்றுக்கும் மேலாக, குளிர்காயும் கணப்புக்குப் பக்கத்துச் சுவரில் செத்த பூனையை வைத்து மூடுவார்களாம். பூனை வற்றிக் காய்ந்து காவல் காக்குமாம். "காஞ்ச பூனை ஒண்ணு கிடைச்சாப் போதுங்க, என் ஜென்மம் கடைத்தேறிடும்" என்றார். அதைச் சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நீங்கள் மறந்திருக்கலாம், மிஸ்டர் பெல்ச்சர். நான் மறக்கவில்லை. கடைக்குப் போகிறவளிடம் பட்டியல் கொடுக்கிற மாதிரி, என்னென்ன வேண்டும் என்று நீங்கள்தான் சொல்லி அனுப்பினீர்கள்.

பள்ளிக்கூடத்துக் காம்பஸ் என்னிடம் இருந்தது. லொரேன் நீச்சலுக்கும் நைஜல் மாட்டுச் சந்தைக்கும் போன ஒரு காலையில், அந்த நடுச்சுவர் உத்தரத்தில் ஒரு பூவைச் செதுக்கினேன். புகைக்கரியும் பன்றிக்கொழுப்பும் சேர்த்துத் தேய்த்தேன். அழகாக வந்தது. மிஸ்டர் பெல்ச்சர் அதைப் பார்த்ததும் சமையலறைத் தரையில் முழங்காலிட்டார். வீடு சட்டப் பாதுகாப்புக்குள் வந்தது. நடுச்சுவர் பிழைத்தது.

அங்கேயே நிறுத்தியிருப்பேன். சத்தியமாக நிறுத்தியிருப்பேன். ஆனால் லொரேன் சளைக்கிறவள் இல்லை. சுவர் போனால் போகட்டும் என்று மாடியில் குளியலறை கேட்டாள். அந்த இடத்து மரத்தில் மெழுகுவர்த்திச் சூடுகள் தென்பட்டன. வடக்குப் பக்கம் குளிர் தாங்கவில்லை, இரட்டைக் கண்ணாடி போடுகிறேன் என்றாள். அந்த ஜன்னல் சட்டத்தில் இன்னொரு பூ. அவள் எங்கே கைவைத்தாளோ அங்கே சரித்திரம் முளைத்தது. மிஸ்டர் பெல்ச்சர் ஒவ்வொரு முறையும் ஒரு கயிறு கட்டிவிட்டுப் போவார், தொடாதீர்கள் என்று. கொஞ்ச நாளில் அவர்கள் சாப்பிட உட்காரவே இரண்டு கயிறு தாண்ட வேண்டியிருந்தது.

ஷூவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். கூரையில் கிடைத்த ஷூ என்னுடையது. சின்ன வயதில் போட்டது. தையலைப் பிரித்து, வார்ப்பூட்டைக் கழற்றி, மாட்டுக்கொட்டகை வாய்க்காலில் ஊறப்போட்டு, புகைபோக்கியில் தொங்கவிட்டேன். கிராம மன்றத்தில் ஊரைக் கூட்டி மிஸ்டர் பெல்ச்சர் அதைத் தூக்கிக் காட்டிப் பேசினார்.

"இடது குதிகால் மட்டும் தேஞ்சிருக்கு பாருங்க. காலைச் சாய்ச்சுச் சாய்ச்சு நடந்திருக்கு இந்தக் குழந்தை. வலிச்சிருக்கும். நானூறு வருஷத்துக்கு முன்னாடி, பாவம், யாரும் கவனிச்சிருக்க மாட்டாங்க."

மன்றமே அழுதது. லொரேன் தேம்பித் தேம்பி அழுதாள். நானும் அழுதேன். காலத்தைத் தவிர அவர் சொன்னது எல்லாமே சரி.

கடைசியில் அவர்கள் முற்றத்தில் ஒரு கேரவன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி அதில் குடியேறினார்கள். வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் சக்கரத்தின் மேலே, வீடு காலியாக எதிரே. சனிக்கிழமைகளில் பார்வையாளர்கள் வருவார்கள். வழிகாட்ட ஓர் ஆள் வேண்டும் என்றார்கள், நான் ஒத்துக்கொண்டேன். சாவி என்னிடம் இருந்தது. பார்வையாளர்கள் போனபின் மாடியில் என் பழைய அறையில் கொஞ்ச நேரம் உட்காருவேன். அது வழிகாட்டியின் கடமைகளில் சேராது, தெரியும்.

லொரேன் ஒருநாள் துண்டும் கையுமாக இந்தக் கதவைத் தட்டினாள்.

"நானூறு வருஷத்துக்கு முந்திச் செத்த புள்ளைக்கு இருக்கற மரியாதை உசுரோட இருக்கறவளுக்கு இல்ல, பெரில். வண்டியில தண்ணி உறைஞ்சுபோச்சு. தலை குளிச்சே நாளாகுது."

"இங்கே குளிச்சுக்கோ" என்றேன். வெந்நீர் நிறையப் பிடித்துக் கொடுத்தேன். நான் கல்நெஞ்சக்காரி இல்லை.

பிஸ்கட்டும் அந்தக் குளிர்காலத்தில்தான் இங்கே வர ஆரம்பித்தான். பெரிய வீட்டில் சூடு இல்லை, வண்டியில் இடம் இல்லை. என் வீட்டில் கொதிகலன் வைத்த அலமாரி ஒன்று உண்டு, துணி காயவைக்கிற இடம். அதற்குள் போய்ச் சுருண்டுகொள்வான். வயதானவன். ஒருநாள் காலையில் எழுந்திருக்கவில்லை. நான் அவனை ஒன்றும் செய்யவில்லை என்பதைத் தெளிவாக எழுதுங்கள். தூக்கத்தில் போனான், முகத்தில் ஒரு வருத்தம் இல்லை. இந்த வீட்டில் நிம்மதியாக இருந்த ஒரே ஜீவன் அவன்தான்.

உடனே லொரேனிடம் சொல்லத்தான் புறப்பட்டேன். கோட்டுகூடப் போட்டுவிட்டேன். முற்றத்தில் அவளே எதிரே வந்தாள், முகமெல்லாம் மலர்ச்சி. "புதுசா ஒரு விண்ணப்பம் போட்டுட்டேன் பெரில்! கணப்புக்குப் பக்கத்துல ஒரு அடுப்பு, ஒரு குழாய். அவ்வளவுதான் கேக்கறேன். அது மட்டும் கிடைச்சா நாங்க உள்ள வந்துருவோம்." நான் வீட்டுக்குத் திரும்பி வந்து கோட்டைக் கழற்றி மாட்டினேன். அலமாரிக் கதவைச் சாத்தினேன்.

அவள் தேடினாள். வேலி வேலியாகக் கூப்பிட்டுக்கொண்டு போனாள். காணவில்லை என்று ஊரெல்லாம் தாள் ஒட்டினோம். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் நானே எழுதினேன்: செம்மஞ்சள் நிறம், வயதானவன், எல்லோரிடமும் அன்பானவன். அவள் தாளைப் பிடிக்க, நான் ஒட்டுநாடாவைக் கிழித்துக் கொடுத்தேன். தபால் நிலையத்து வாசலில் அவள் அழுதபோது என் கைக்குட்டையையும் கொடுத்தேன்.

அந்த விண்ணப்பம் மாவட்ட அலுவலகத்தில் ஊர்ந்து ஊர்ந்து போவதற்குள் பிஸ்கட் நன்றாகக் காய்ந்துவிட்டான். இரட்டைக் கண்ணாடி வீட்டில் வாடை வெளியே போகாது, உள்ளேயும் எங்கும் போகாது. அந்த வருடம் நான் யாரையும் தேநீருக்குக் கூப்பிடவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை, பார்வையாளர்கள் வருவதற்கு முன்னால், கணப்புக்குப் பக்கத்துப் பலகையைக் கழற்றி, கரியைப் பூசி அவனை உள்ளே வைத்தேன். அடுத்த வாரம் மிஸ்டர் பெல்ச்சர் வந்தபோது, இங்கே தட்டினால் சத்தம் வேறு மாதிரி கேட்கிறதே என்றேன்.

நீங்கள் அவரை அப்போது பார்த்திருக்க வேண்டும். பிள்ளை பெற்ற வீட்டில் தகப்பன் நிற்பதுபோல நின்றார். அடுப்புக்கு அனுமதி இல்லை என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட்டார். பூனைக்கு ‘சாலோவின் காவலன்’ என்று பெயர் வைத்து, கிராம மன்றத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். லொரேன் வந்து வெகுநேரம் பார்த்தாள்.

"நைஜல், நம்ம பிஸ்கட் ஜாடையாவே இல்ல?"

"செத்து நானூறு வருஷமானா எல்லாப் பூனையும் ஒரே ஜாடைதாம்மா" என்றார் மிஸ்டர் பெல்ச்சர்.

அவள் கண்ணாடியின் மேல் கையை வைத்தபடி நின்றாள். நான் போய் அவள் பக்கத்தில் நின்றேன். நின்றேன் என்பதையும் எழுதுங்கள்.

மீதி உங்களுக்குத் தெரியும். கோடைத் திருவிழா அன்று மழை பிடித்துக்கொண்டது, எல்லாவற்றையும் மன்றத்துக்குள் கொண்டுவந்தார்கள். மிருக வைத்தியர் மோரக் பூனை நாய்களைச் சோதிக்கும் மேசை, கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் அமைந்துவிட்டது. அந்த அம்மாளுக்கு எப்போதும் வேடிக்கை. கையிலிருந்த கருவியைப் பெட்டியை நோக்கி நீட்டி, "வாங்க பெரியவரே, உங்க எஜமான் எந்த ராஜாவுன்னு பாத்துருவோம்" என்றாள். கருவி கீச்சிட்டது.

பூனைக்கு யார் மணி கட்டுவது என்று கேட்பார்களே, லொரேன் கட்டியிருக்கிறாள். தோலுக்கடியில், அரிசிமணி அளவு ஒரு மின்சில்லு. அதில் எண் இருந்தது, எண்ணைத் தேடினால் எஜமானியின் தொலைபேசி இருந்தது. மோரக் யோசிக்காமல் கூப்பிட்டாள். தேநீர் வரிசையில் நின்ற லொரேனின் பையில் மணி அடித்தது.

"லொரேன் தர்லோவா? உங்க பூனை கிடைச்சிருச்சுங்க."

"ஐயோ! உசுரோடவா?"

"இல்லைங்க. கொஞ்ச நாள் ஆன மாதிரி இருக்கு."

"எங்க இருக்கான்?"

"எனக்குப் பக்கத்துல. கண்ணாடிப் பெட்டியில."

இருவரும் ஒரே மன்றத்தில் நின்றுகொண்டு போனில் பேசினார்கள். எல்லோரும் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார்கள், பிறகு மிஸ்டர் பெல்ச்சரைப் பார்த்தார்கள். லொரேன் மட்டும் என்னிடம் வந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தாள் ஒட்டறப்ப, டேப்பக் கிழிச்சுக் கிழிச்சுக் குடுத்தது நீங்கதானே, பெரில்?"

ஆமாம் என்றேன். நான் எதையும் மறுக்கவில்லை. மறுநாள் நைஜல் கேரவன் வண்டியைப் பூட்டி இழுத்துக்கொண்டு இப்ஸ்விச்சுக்குப் போய்விட்டான். வழியில் என் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. முற்றம் இப்போது விசாலமாக இருக்கிறது. இங்கிருந்து பார்த்தால் வீடு முழுதாகத் தெரிகிறது, யாரும் குறுக்கே நடப்பதில்லை.

பூ, சூடு, ஷூ, பூனை எல்லாம் நான்தான். மரம் மட்டும் நிஜம். இவ்வளவுதான் என் வாக்குமூலம்.

என்ன, மிஸ்டர் பெல்ச்சர்? அந்தப் பொந்தா? பூனையை வைத்த பொந்தையும் நானே வெட்டினேனா என்று கேட்கிறீர்கள். பாவம், ஏதாவது ஒன்றாவது மிஞ்சாதா என்று பார்க்கிறீர்கள். நான் வெட்டவில்லை. பொந்து அங்கேயே இருந்தது. பலகையைக் கழற்றியதும் தெரிந்தது, பூனை வைக்க அளவெடுத்த மாதிரி.

காலியாக இல்லை. உள்ளே ஏற்கெனவே ஒரு பூனை இருந்தது.

தண்ணீர் குடியுங்கள். கான்ஸ்டபிள், அவருக்குக் கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.

அது பார்க்கும்படியாக இல்லை, மிஸ்டர் பெல்ச்சர். ஒரு காது கிடையாது. முகம் சப்பி, சலவைக்குப் போட்ட கையுறை மாதிரி இருந்தது. வாயில் ஓர் எலியைத் திணித்து வைத்திருந்தார்கள், அந்த எலியும் தேறாது. பலகையின் உள்பக்கத்தில் யாரோ பூ ஒன்றும் செதுக்கியிருந்தார்கள், கோணல்மாணலாக, ஓர் இதழ் வட்டத்துக்கு வெளியே போயிருந்தது. காம்பஸ் பிடிக்கவே தெரியாத கை. அதைக் காட்டியிருந்தால் நீங்களே சிரித்திருப்பீர்கள். பிஸ்கட்டிடம் ஒரு கம்பீரம் இருந்தது. அதனால் பூவைத் தடம் தெரியாமல் சீவியெடுத்துவிட்டு, அந்தப் பூனையை வேலிக் கழிவோடு தோட்டக் குப்பைத் தொட்டியில் போட்டேன். செவ்வாய்க்கிழமை வண்டி வந்து எடுத்துக்கொண்டு போயிற்று.

எழுதுவதை ஏன் நிறுத்திவிட்டீர்கள், கான்ஸ்டபிள்? இன்னும் ஒரே ஒரு வரி இருக்கிறது, அதைத்தான் முக்கியமாக எழுதவேண்டும். இத்தனை வருஷத்தில் அந்த வீட்டின் பழைய பொருள் ஒன்றின் மேலும் நான் யாரையும் கைவைக்க விட்டதில்லை.